எரித்துவிடச் சொன்ன இசைக்குழுவும் எங்களிடம் இல்லாமல்போன மூன்று பாடல்களும்

சில வாரங்களுக்கு முன்னர் கட்டாரில் வேலை செய்யும் நண்பன் ஒருவன் வட்ஸ்அப்பில் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். "மச்சான், நம்ம பாட்டு ஒன்னாவது ஒங்கிட்ட இருக்கா? மகன் கிட்டார் கேக்குறான். நானும் ஒரு காலத்துல வாசிச்சேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறான்."

என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எல்கடுவையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் அது. கைவிடப்பட்டிருந்த பழைய பிள்ளைக் காம்பராதான் எங்கள் பயிற்சி இடம். வத்தேகமையில் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த ஒரு கிட்டார், கோயில் ஒலிபெருக்கிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஓர் அம்ப்ளிபயர், டிரம்ஸுக்குப் பதிலாகத் தப்பும் ஒரு தகர டின்னும். பதினான்கு மாதங்களில் மூன்று பாடல்கள் செய்தோம். மேடை ஏறியது இரண்டே தடவை. அதில் ஒன்று கோயில் திருவிழா. இரண்டாவது பாட்டின் நடுவில் பெரியவர் ஒருவர் வந்து மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டார். பிறகு ஒருவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான், இன்னொருவன் கட்டாருக்குப் போனான். நான் பல்கலைக்கழகத்திற்கு ஊடகக் கற்கை படிக்கப் போனேன். குழு பிரிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு நாள் பிள்ளைக் காம்பராவின் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவுதான். பாடல்கள் இருந்த கைத்தொலைபேசி ஒரு மழைநாளில் நனைந்து செத்துப்போனது.

நாங்கள் அப்படிக் கத்தக் காரணமாக இருந்தது கண்டியிலிருந்து வந்த ஒரு பிரதி இறுவட்டு. அதன்மேல் பேனாவால் 'ரெஃப்யூஸ்ட்' என்று எழுதியிருந்தது. சுவீடனைச் சேர்ந்த அந்தக் குழு நாங்கள் கேட்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே பிரிந்துபோயிருந்தது. பிரியும்போது தங்கள் படங்களை எரித்துவிடுமாறு பத்திரிகைகளிடம் கேட்டுக்கொண்ட குழு அது. நண்பனின் கேள்வி வந்த பிறகு அந்தக் குழுவின் கதையை மறுபடி தேடிப் படித்தேன். அதைத் தமிழில் எழுதிவைப்பது பயனுள்ளது என்று தோன்றியது.

ஹார்ட்கோர் என்றால் என்ன?

1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பங்க் றொக் இசை எழுந்தது. பெரிய இசைப் பயிற்சி தேவையில்லை, மூன்று சுரக்கோர்வைகள் தெரிந்தால் போதும், சொல்ல ஏதாவது இருந்தால் மேடையேறலாம் என்பது அதன் அடிப்படை. அமெரிக்காவில் பதின்பருவ இளைஞர்கள் அதை எடுத்து இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, இன்னும் கோபமாக வாசித்தார்கள். அதுதான் ஹார்ட்கோர். ஒரு பாடல் ஒன்றரை நிமிடம் ஓடினால் நீண்ட பாடல். 1980களின் நடுவில் இது ஹெவி மெட்டலோடு கலந்தது. மெட்டலின் கனத்த கிட்டார் ஒலியும் இரட்டைப் பாத டிரம்ஸும் ஹார்ட்கோரின் கத்தலோடும் வேகத்தோடும் சேர்ந்தன. இன்று மெட்டல்கோர் என்று அழைக்கப்படும் வகை இந்தக் கலப்பிலிருந்து வந்தது.

இதன் மூல ஊர்களில் ஒன்று வொஷிங்டன். அங்கு 1980 இல் தொடங்கிய மைனர் த்ரெட் குழு 1983 இல் முடிந்துவிட்டது. இயன் மெக்கை பாடினார், ஜெஃப் நெல்சன் டிரம்ஸ், லைல் பிரெஸ்லர் கிட்டார், பிரையன் பேக்கர் பேஸ் கிட்டார். இடையில் பிரெஸ்லர் பல்கலைக்கழகம் போனதால் ஒரு தடவை பிரிந்து, அவர் திரும்பி வந்ததும் 1982 இல் மறுபடி சேர்ந்தார்கள். படிப்புக்காக ஒருவர் போனதும் குழு நின்றுபோவது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்று அறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.

இவர்களது 46 செக்கன் பாடல் ஒன்றிலிருந்துதான் 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்ற பெயர் வந்தது. மதுவும் புகையும் போதையும் வேண்டாம் என்பவர்கள் கையில் பெரிய எக்ஸ் அடையாளம் போட்டுக்கொண்டார்கள். அந்த அடையாளத்தின் தொடக்கம் வேறு. மதுச்சாலை நடத்திய இசைக்கூடங்களில், வயது குறைந்தவர்களுக்குக் குடிவகை கொடுக்கக்கூடாது என்பதற்காக அவர்களது கையில் எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். தடை அடையாளத்தை இளைஞர்கள் தங்கள் பெருமை அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள். இதை ஒரு இயக்கமாகவோ சட்டமாகவோ தான் சொல்லவில்லை என்று மெக்கை பின்னர் பல தடவை விளக்கியிருக்கிறார். ஆனாலும் அது உலகம் முழுவதும் பரவியது. சம்பள நாளில் மதுக்கடைக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பாடலை விளக்க யாரும் தேவைப்படவில்லை. உபதேசம் செய்யாமல், ஒரு பெடியன் இன்னொரு பெடியனுக்குச் சொல்வதுபோல அது இருந்தது.

வடக்குச் சுவீடனில் ஒரு சிறு நகரம்

ஸ்டொக்ஹோமிலிருந்து வடக்கே சுமார் 600 கிலோமீற்றர் தூரத்தில் ஊமியோ என்ற பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. குளிர்காலத்தில் பகல் சில மணி நேரமே. உலகப் புகழ்பெற்ற மெட்டல் குழுவான மெஷுகா 1987 இல் உருவானதும் இந்த ஊரில்தான். அங்கு 1991 இல் ரெஃப்யூஸ்ட் தொடங்கியது. டென்னிஸ் லிக்ஸேன் பாடகர், டேவிட் சாண்ட்ஸ்ட்ரோம் டிரம்ஸ். கிறிஸ்டொஃபர் ஸ்டீனும் யோன் பிரென்ஸ்ட்ரோமும் பின்னர் கிட்டாருக்கு வந்தார்கள்.

தலைநகரிலிருந்து இவ்வளவு தூரத்தில் இப்படியான இசை எப்படி வளர்ந்தது? சுவீடனில் நகரசபைகள் நடத்தும் இசைப் பாடசாலைகளில் பிள்ளைகள் குறைந்த செலவில் இசை கற்கலாம். தொழிலாளர் இயக்கத்தோடு தொடர்புடைய கல்விச் சங்கங்கள் இளைஞர் குழுக்களுக்குப் பயிற்சி அறையும் கருவிகளும் கிடைக்க உதவுகின்றன. அவற்றில் பெரியது 1912 இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் கல்விச் சங்கம். கோபம் எல்லா ஊர் இளைஞருக்கும் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு ஓர் அறையும் மின்சாரமும் கிடைக்கும் ஊரில் இசைக்குழு பிறக்கிறது. எங்கள் பிள்ளைக் காம்பராவை நினைத்துக்கொண்டு இந்த விபரங்களைப் படித்தேன்.

ரெஃப்யூஸ்ட் 1994 இல் முதல் முழு அல்பத்தை வெளியிட்டது. 1996 இல் வந்த இரண்டாவது அல்பம் மெட்டலுக்கு மிக நெருக்கமானது. அதன் தலைப்பைத் தமிழில் 'அதிருப்தியின் தீயை விசிறும் பாடல்கள்' எனலாம். அந்தச் சொற்கள் அவர்களுடையவை அல்ல. அமெரிக்காவின் 'உலகத் தொழிலாளர்' சங்கம் 1909 முதல் அச்சிட்டுவந்த சிவப்புப் பாட்டுப் புத்தகத்தின் அடையாள வாசகம் அது. அந்தப் புத்தகத்தில் எழுதியவர்களுள் மிகவும் அறியப்பட்ட ஜோ ஹில்லும் சுவீடனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன தொழிலாளி. கொலைக் குற்றச்சாட்டில் 1915 இல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றவாளியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தேன். தொழிலாளரைத் திரட்டப் பாட்டு எழுதுவது எமக்குப் புதிதா என்ன? மலையகத்தில் முதல் தொழிற்சங்கத்தை 1931 இல் கட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடியவர். தோட்டத் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக எழுதி 1940 இல் சிறு நூலாகவும் அச்சிட்டார். படிக்கத் தெரியாதவர்களிடம் அரசியலைக் கொண்டுபோக அவர் தெரிந்தெடுத்த வழி பாட்டு. அவரது குரல் எப்படி இருந்தது என்று கேட்க எமக்கு வழியில்லை. அவர் என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள வழி இருப்பது, அது அச்சில் வந்ததால்தான்.

நிலவறையில் முடிந்த கதை

ரெஃப்யூஸ்ட்டின் மூன்றாவது அல்பம் 1998 ஒக்டோபர் மாத இறுதியில் வெளிவந்தது. ஜாஸ் மேதை ஓர்னெட் கோல்மன் 1959 இல் வெளியிட்ட அல்பத்தின் தலைப்பில் 'ஜாஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பங்க்' என்று போட்டு, வரப்போகும் பங்க்கின் வடிவம் இதுதான் என்று அறிவித்தார்கள். ஹார்ட்கோரும் மெட்டலும் மட்டுமல்ல, ஜாஸ், மின்னணு இசை, தந்திவாத்தியங்கள், உரைத்துண்டுகள் எல்லாம் அதில் கலந்திருந்தன. பழைய இரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள்.

ஆனால் அல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே குழு முடிந்துவிட்டது. அமெரிக்கப் பயணத்தின் நடுவில் உறவு முறிந்தது. பிரிவதென்று முடிவெடுத்த பிறகு வேர்ஜீனியா மாநிலத்தின் ஹரிசன்பேர்க் என்ற ஊரில் ஒரு வீட்டின் நிலவறையில் கடைசியாக வாசித்தார்கள். சில பாடல்கள் முடிவதற்குள் பொலிஸார் வந்து நிறுத்திவிட்டார்கள். முதலாளித்துவத்தைப் பற்றியும் புரட்சியைப் பற்றியும் பாடிய குழுவின் கடைசி நிகழ்ச்சி அயல்வீட்டுச் சத்தப் பிரச்சினை போல முடிந்தது. எங்கள் மைக்கின் வயர் பிடுங்கப்பட்டது நினைவுக்கு வருகிறது.

அதன் பிறகு குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. இனி ஒருபோதும் சேர்ந்து வாசிக்கமாட்டோம், நடந்ததைக் கொண்டாடவும் மாட்டோம் என்றார்கள். பத்திரிகைகள் தங்களிடமுள்ள குழுவின் படங்களை எரித்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். விளங்காமல் எழுதும் பத்திரிகையாளர்கள் கட்டும் புராணம் தங்களுக்கு வேண்டாம் என்பது அவர்களது வாதம். புரட்சிகர இசை விற்பனைப் பண்டமாகிவிடுகிறது என்ற பயம் அதில் தெரிகிறது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் அந்த அறிக்கை எனக்குச் சுடத்தான் செய்கிறது. அதிலுள்ள நியாயத்தையும் மறுக்க முடியவில்லை.

ஆனால் எதுவும் எரியவில்லை. கைவிடப்பட்ட அல்பம் கையிலிருந்து கைக்குப் பரவியது. அதிலுள்ள 'நியூ நொய்ஸ்' என்ற பாடல் குழு இல்லாத நிலையில் உலகம் சுற்றியது. கிட்டார் கலைஞர் ஸ்டீன், பிரிவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை 2006 இல் வெளியிட்டார். படங்களை எரிக்கச் சொன்ன குழுவிலிருந்தே ஒருவர் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

2012 இல் ரெஃப்யூஸ்ட் மறுபடி சேர்ந்து அமெரிக்காவின் கோச்செல்லா விழாவில் வாசித்தது. அந்த அல்பத்துக்கு அன்று மேடையில் நியாயம் செய்யவில்லை, சில்லறைச் சண்டைகளில் கிடந்தோம் என்று காரணம் சொன்னார்கள். சத்தியத்தை மீறிவிட்டார்கள், பணத்துக்காக வந்தார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. 2015 இலும் 2019 இலும் புதிய அல்பங்கள் வந்தன. 2020 இல் வெளியான சைபர்பங்க் 2077 வீடியோ விளையாட்டில் ஒரு கற்பனைக் குழுவுக்கு இவர்களே இசையமைத்தார்கள். பெருநிறுவனங்கள் ஆளும் நகரில் கிளர்ச்சி செய்யும் குழு அது. 2024 நடுப்பகுதியில் லிக்ஸேனுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் ஊமியோவில் கடைசி நிகழ்ச்சியை நடத்திவிட்டு விடைபெற்றார்கள். இம்முறை பொலிஸார் வரவில்லை. பிறந்த ஊரில், சொந்தத் தீர்மானத்தில் முடித்தார்கள்.

சேர்த்துவைத்தவர்கள்

வொஷிங்டன் கதை இதற்கு நேரெதிரானது. மெக்கையும் நெல்சனும் மைனர் த்ரெட்டுக்கு முன்பு டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். 1980 இன் இறுதியில் அந்தக் குழு பிரியும்போது நிகழ்ச்சிகளில் கிடைத்த சுமார் 600 டொலர் சேர்ந்திருந்தது. பங்கு பிரிப்பதா, இசைத்தட்டுப் போடுவதா என்று பேசி, இசைத்தட்டு என்று முடிவெடுத்தார்கள். அதற்காகத் தொடங்கியதுதான் டிஸ்கோர்ட் நிறுவனம். உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அந்த நிறுவனத்தின் முதல் வெளியீடே இல்லாமல்போன ஒரு குழுவின் பாடல்கள். மைனர் த்ரெட்டின் கடைசிப் பாடல்களும் குழு பிரிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 1985 இல்தான் வெளிவந்தன. 1989 இல் அவர்களது பதிவுகள் எல்லாம் ஒரே இறுவட்டில் அடங்கின.

மெக்கை 1987 இல் தொடங்கிய ஃபுகாஸி குழுவின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. 2011 முதல் எண்ணூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை இணையத்தில் ஒழுங்குபடுத்தி வெளியிட்டு வருகிறார்கள். தவறாக வாசித்த இடமும், சுருதி விலகிய இடமும், இடையில் நடந்த சண்டையும் அப்படியே இருக்கின்றன. அழகாக்கிப் புராணம் கட்டுவதற்கு எதிரான நல்ல மருந்து எரிப்பது அல்ல, இப்படி உள்ளதை உள்ளபடி வைப்பதுதான் என்று நினைக்கிறேன். ரெஃப்யூஸ்ட்டின் பயத்துக்கு ஃபுகாஸியின் அலுமாரி பதில் சொல்கிறது.

சுவாரசியமான ஓர் இணைப்பும் உண்டு. மைனர் த்ரெட்டின் பிரையன் பேக்கரும் ரெஃப்யூஸ்ட்டின் லிக்ஸேனும் பிற்காலத்தில் ஃபேக் நேம்ஸ் என்ற குழுவில் சேர்ந்து வாசித்தார்கள்.

எங்கள் பக்கம்

இலங்கையிலும் மெட்டல் இசைக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பின் ஸ்டிக்மாட்டா, கண்டியின் பாரனாய்ட் எர்த்லிங் போன்ற குழுக்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்படுபவை. இவை நகர்சார்ந்தவை, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடியவை. எங்கள் லயன்களில் இத்தகைய இசை அந்நியமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் உரத்த தாளம் எமக்கு அந்நியமா? விடியற்காலைப் பெரட்டுக்குத் தொழிலாளரை எழுப்பியது தப்பு. காமன் கூத்தில் இரவு முழுக்க அதிர்வதும் தப்பு. எங்கள் குழுவில் தப்பு வாசித்தவன் அதை அவனது தாத்தாவிடம் கற்றுக்கொண்டான். அவனது கையின் வேகத்துக்கு எங்கள் கிட்டார்காரனால் ஈடுகொடுக்க முடிந்ததில்லை.

எங்கள் மூன்று பாடல்களில் ஒன்று சம்பளத்தைப் பற்றியது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது 2021 இல். நாங்கள் அந்தப் பாட்டைப் பாடிய காலத்தில் அந்தத் தொகை கனவு. அன்று ஒரு தோட்டத்து இளைஞன் என்ன நினைத்தான், எந்தச் சொல்லில் கோபப்பட்டான் என்பதற்கு அந்தப் பாட்டு ஒரு சிறு சாட்சியாக இருந்திருக்கும். அது நல்ல பாட்டா என்பது வேறு விடயம். அது இல்லாமல்போனதில் எங்கள் நால்வருக்கும் பொறுப்பு உண்டு. கிட்டாருக்கு வாடகை தேடினோம், மேடை தேடினோம், பதிவைப் பாதுகாக்க மட்டும் யாரும் நினைக்கவில்லை.

2023 இல், எமது மூதாதையர் இந்த நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். ஜூலை 28 இல் தொடங்கிய நடை ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. அந்தப் பழைய பாதையில் இறந்தவர்கள் பலரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் நடந்துதான் நினைவுகூர வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய இழப்போடு எங்கள் மூன்று பாடல்களை ஒப்பிடுவது சரியில்லை. ஆனால் பழக்கம் ஒன்றுதான். நம்முடையது எழுதிவைக்கும் அளவுக்குப் பெரியதல்ல என்று நாமே முடிவெடுத்துவிடுகிறோம். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டியிராவிட்டால், கொழுந்து மலையில் பாடப்பட்ட எத்தனையோ பாடல்கள் பாடியவர்களோடு போயிருக்கும்.

இன்று வழிகள் இருக்கின்றன. இலங்கைத் தமிழரின் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் நூல்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் பாதுகாக்கிறது. தோட்டத்தில் இசைக்குழு வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பதிவு செய்யுங்கள். திகதியும் இடமும் வாசித்தவர்களின் பெயரும் எழுதுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஒரு பிரதியை ஊருக்கு வெளியே கொடுத்துவையுங்கள். குழு பிரிந்தால் பரவாயில்லை. மைனர் த்ரெட் மூன்று ஆண்டுகள்தான் இருந்தது.

நண்பனுக்கு அன்றிரவே பதில் அனுப்பினேன். பாட்டு இல்லை, சொற்கள் ஞாபகம் இருக்கிறது, நீ மெட்டைப் பாடி அனுப்பு என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாளில், நான்கு நிமிடக் குரல்பதிவு வந்தது. இடையில் இரண்டு தடவை வரி மறந்து சிரிக்கிறான், பின்னால் குளிரூட்டியின் இரைச்சல் கேட்கிறது. திகதி போட்டு, இரண்டு இடங்களில் சேமித்திருக்கிறேன். தப்பு வாசித்தவனை இனித்தான் தேட வேண்டும்.